இருபது வளைவு எண்ணியவளுக்கு

தண்ணீருக்குள் நின்றே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த என் பிலோமினா டீச்சருக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எல்லோரும் கடிதத்தைத் தொடங்குவார்கள். அதைக் கேட்கவும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டாய். நீ உயிரோடு இருந்தவரை 'ங்க' போடாமல் உன்னிடம் நான் பேசியதில்லை. ஏற்காடு பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறவள், பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சரிடம் வேறு எப்படிப் பேசுவாள்? நீயோ என்னைவிட எட்டு மாதம் மூத்தவளாக இருந்துகொண்டு, பழகிய முதல் நாளே என்னை 'நசீமாக்கா' ஆக்கிவிட்டாய். எத்தனை தடவை சண்டை போட்டும் நீ மாற்றிக்கொள்ளவில்லை. இன்று உன்மேல் கோபமாக இருக்கிறேன். கோபத்தில் 'ங்க' வரமாட்டேன் என்கிறது. நீ என்றே எழுதிவிடுகிறேன்.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை, செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளின் நீச்சல் போட்டி முடிந்துபோனது. இந்த வருஷம் நடந்தது, நடந்த விதத்திலேயே முடிந்தும் போனது. ஆடி கழிந்ததும் லாட்ஜ்காரர் மகன் லாட்ஜ் நீச்சல் குளத்தை மண் கொட்டி மூடப் போகிறான். சனி ஞாயிறு வருகிற கார்களை நிறுத்த இடமில்லையாம்.

நாம் எதற்காக இதைத் தொடங்கினோம் என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று உன் வகுப்பில் ஒரு பிள்ளை வரவில்லை. எஸ்டேட் குட்டையில் கால் வழுக்கியிருந்தது. மழைக்கு நிறைந்த குட்டை, சிறு பிள்ளையின் கழுத்தளவுதான். நீ என் கடைக்கு வந்து கம்பளித் தொப்பிகளுக்கு நடுவே உட்கார்ந்து, "மல்லாந்து படுக்கத் தெரிஞ்சிருந்தா பொழச்சிருக்குமுங்க்கா. அவ்வளவு போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் உனக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, லாட்ஜ்காரரிடம் கெஞ்சி அந்தக் குளத்தை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினாய். காலைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக வந்தாய். வெயில் தண்ணீரில் விழுந்து குளிர் கொஞ்சம் விட்ட பிறகுதான் பிள்ளைகளை இறக்கினாய். ஓட்டப்பந்தயம் மாதிரி யார் முதலில் என்பதே கூடாது என்றாய். நீச்சலே தெரியாத பிள்ளைகளுக்கு என்ன போட்டி என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நீ வைத்த போட்டிகளை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து யார் அதிக நேரம் குமிழி விடுகிறார்கள் என்று ஒன்று. தோலோடு மிதக்கும் ஆரஞ்சை மூக்கால் தள்ளிக்கொண்டே போவது ஒன்று. தோல் உரித்த ஆரஞ்சு முழுகிவிடுமே, அதை மூன்றாவது படியிலிருந்து எடுத்துவந்து அங்கேயே தின்பது ஒன்று. "தோலு இருக்கற பழம் மிதக்குது, உரிச்சது முழுகுது, பாத்தியா கண்ணு? உனக்கு மூச்சுதான் தோலு. அதை விட்டுறாத" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்வாய். மே மாதம் நம் மலை ஆரஞ்சு கிடைக்காது. சேலத்திலிருந்து மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிவந்தது நான்தான், கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான்.

கடைசிப் போட்டிதான் பிள்ளைகளுக்கு உயிர். மல்லாந்து மிதக்க வேண்டும். நீ பக்கத்தில் நின்று, சேலத்திலிருந்து பஸ் மலை ஏறுகிற மாதிரி கொண்டை ஊசி வளைவு எண்ணுவாய். "ஒண்ணாவது வளைவு... ரெண்டாவது வளைவு..." இருபதாவது வளைவுவரை மிதந்தால் ஏற்காடு வந்து சேர்ந்ததாகக் கணக்கு. ஏழிலேயே கால் ஊன்றிவிட்டவனிடம், "பரவால்ல சாமி, பஸ் கொஞ்சம் நிக்குது. இஞ்சின் சூடு ஆறட்டும், அடுத்த தடவை மேல போலாம்" என்பாய். அழுதுகொண்டு ஏறியவன் எவனையும் நான் பார்த்ததில்லை.

பார்த்ததில்லை என்று எழுதிவிட்டேன். எதைத்தான் நான் பார்த்தேன்?

முதல் வருஷம் நான் ஆரஞ்சு மூட்டையோடு வந்து சேர்வதற்குள் அம்மாக்கள் எல்லோரும் கரையில் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். பிள்ளை முகத்தைத் தண்ணீரில் வைக்கும்போதெல்லாம் ஒரு அம்மா "ஐயோ" என்பாளாம். பிள்ளை பதறி நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்க்குமாம், அங்கிருக்கிற பயம் அப்படியே பிள்ளை முகத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். மூன்று பிள்ளைகள் அப்படி அழுதுகொண்டு ஏறியதும் நீ என்னிடம் வந்தாய். "அக்கா, புள்ளைகளை நான் பாத்துக்கறனுங்க. இந்த அம்மாக்களை நீங்க புடிச்சுக்கோங்க." நான் சில்வர் ஓக் மரத்தடியில் தார்ப்பாய் விரித்தேன். எல்லோரையும் குளத்துக்கு முதுகு காட்டி, மலையைப் பார்த்து உட்கார வைத்தேன். கை சும்மா இருந்தால் தலை திரும்பும் என்று ஆளுக்கொரு குவியல் ஆரஞ்சைக் கொடுத்து உரிக்கச் சொன்னேன். அதுதான் நம் போட்டியின் சட்டமாகிப் போனது.

அவர்களைத் திரும்பாமல் பார்த்துக்கொள்ள நானும் அவர்களோடு முதுகு காட்டித்தானே உட்கார வேண்டும்? அத்தனை வருஷமும் உட்கார்ந்தேன். சிரிப்பு கேட்கும், தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்கும், உன் குரல் வளைவு எண்ணுவது கேட்கும். பதினெட்டு, பத்தொன்பது என்று வரும்போது உரிக்கிற கைகள் எல்லாம் நின்றுவிடும். இருபது என்றதும் யாருடைய பிள்ளையோ என்று எல்லா அம்மாக்களும் சிரிப்பார்கள். ஆனால் டீச்சர், நீ தண்ணீரில் நின்றதை நான் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றே இருந்துவிட்டேன். அடுத்த வருஷம் என்று ஒன்று எப்போதும் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது?

நீ போன கதையை உனக்கே சொல்ல வேண்டுமா? பிள்ளைகளுக்கு மூச்சுப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள், சேலத்து ஆஸ்பத்திரியில் நுரையீரலில் சளி கட்டி, மூச்சு போதாமல் போனாய். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நான் தஸ்பீஹ் மணி உருட்டினேன். உன் அண்ணன் ஜெபமாலை உருட்டினார். இரண்டு பேர் உருட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து கேட்கிறேன், இத்தனை பிள்ளைகளின் மூச்சைக் காத்தவளுக்கு ஒரு மூச்சு கொடுத்தால் அந்த ஆண்டவனுக்கு என்ன குறைந்துபோகும் என்று.

சித்திரை பிறந்ததுமே மாரமங்கலத்திலிருந்து ராசாத்தி வந்துவிட்டாள். காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறாளே, வெண்ணிலாவின் அம்மா, அவள்தான். "ஏனுங்க்கா, டீச்சர் இல்லீன்னு போட்டிய உட்டுறாதீங்க. எம்புள்ள தெனம் அந்தக் குட்டை ஓரமாத்தான் பள்ளிக்கோடம் போவுது" என்றாள். வெண்ணிலா போன வருஷம் உன் எண்ணிக்கையில் இருபதாவது வளைவுவரை வந்த பிள்ளை. முன்பல் இரண்டும் விழுந்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இப்போது முளைத்துவிட்டது.

நானும் தலையை ஆட்டிவிட்டேன். தண்ணீருக்குள் இறங்க ஆள் வேண்டுமே, எனக்குக் கணுக்கால் நனைந்தாலே நடுங்கும். லாட்ஜ்காரர் மகன்தான் சேலத்திலிருந்து ஒரு கோச்சை வரவழைத்தான். சின்ன வயசு, நல்ல பையன், பணிவாகப் பேசினான். அவனுக்குத் தெரிந்தது விசில், கோடு, யார் முதலில் என்பதுதான். நான் ஆரஞ்சு மூட்டையைக் காட்டினேன். "போட்டி முடிஞ்சதும் சாப்பிடக் குடுத்துரலாமுங்க ஆன்ட்டி" என்றான்.

தார்ப்பாயை விரிக்கப் போனேன். அங்கே நாற்காலிகள் போட்டிருந்தார்கள், எல்லாம் குளத்தைப் பார்த்து. "அம்மாக்கள் செல்லுல வீடியோ எடுக்கட்டும், திருப்பி உக்கார வெச்சா நல்லாவா இருக்குது?" என்றான் லாட்ஜ்காரர் மகன். கூடாது என்றேன். அம்மாக்களே என் பக்கம் நிற்கவில்லை. "ஒரே ஒரு தடவை பாத்துக்கறமுங்க்கா" என்றார்கள். எனக்கும் உள்ளே ஆசை இருந்தது. இத்தனை வருஷம் காதால் கேட்டதைக் கண்ணால் பார்க்கலாமே என்று நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

விசில் ஊதினான். ஆறு பிள்ளைகள் குளத்தின் குறுக்கே கிளம்பினார்கள். வெண்ணிலா கோச் சொல்லிக்கொடுத்தபடி கையை நீட்டி அழகாகத்தான் போனாள். பாதி தூரத்தில் ராசாத்தி எழுந்து நின்று, "வெண்ணிலா, பத்திரம்" என்று கத்திவிட்டாள். வேறெதுவும் நடக்கவில்லை, டீச்சர். அந்தப் பிள்ளை தலையைத் தூக்கி அம்மா முகத்தைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே கீழே போனாள்.

உன் போட்டியில் நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அதுதான்.

கோச் உடனே குதித்துத் தூக்கிவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். வெண்ணிலா இருமினாள், தண்ணீரைக் கக்கினாள். துண்டைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு என்னைப் பார்த்து, "யாருமே வளைவு எண்ணுலீங்களே" என்றாள்.  நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அன்றோடு எல்லாம் கலைந்தது. வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. "ரிஸ்க் வேண்டாமுங்க்கா" என்று லாட்ஜ்காரர் மகன் கையெடுத்துக் கும்பிட்டான். உரிக்காத ஆரஞ்சு மூட்டை என் கடையிலேயே கிடந்து அழுகியது. வெண்ணிலா இப்போது தலைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாலே அலறுகிறாளாம். மழை ஆரம்பித்துவிட்டது. குட்டை நிறைந்துகொண்டிருக்கிறது. பிள்ளை அதே வழியில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். நான் ராத்திரி தூங்கி நாளாகிறது. நாம் இத்தனை வருஷம் செய்ததெல்லாம் ஒரே ஒரு கூப்பாட்டில் போய்விடும் என்றால், அது எதற்காக டீச்சர்?

மண் கொட்டுகிறவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் குளத்தைத் திறந்துவிடச் சொல்லி லாட்ஜ்காரர் மகனிடம் கேட்டேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, சாவியைக் கொடுத்தான். ராசாத்தியை வரச் சொல்லி, தார்ப்பாயில் மலையைப் பார்த்து உட்கார வைத்து, நான்கு ஆரஞ்சைக் கையில் கொடுத்தேன். வெண்ணிலாவும் அம்மாவை ஒட்டி, குளத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். திரும்பவே மாட்டேன் என்றாள். வேறு யார் இருக்கிறார்கள்? சுடிதாரோடு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நானே இறங்கினேன்.

இவ்வளவு குளிரும் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. மூன்றாவது படியில் நின்று முகத்தை வைத்துப் பார்த்தேன். மூக்கில் ஏறி, நெஞ்சு எரிந்து, அழுகையும் சேர்ந்து வந்தது. நல்லவேளை, அழுதது யாருக்கும் தெரியவில்லை. மல்லாந்து படுக்க எனக்கு யார் கை கொடுப்பார்கள்? கம்பியை விடாமல் நின்றபடியே வளைவு எண்ணினேன். கேட்டாளோ இல்லையோ தெரியாது. இருபது சொல்லி முடித்தும் பிள்ளை திரும்பவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும்.

போன ஞாயிறு தூறலில் நின்று எண்ணினேன். பல் கிட்டி, நாக்கு குழறியது. பத்தாவது வளைவு என்றேன், பன்னிரண்டாவது வளைவு என்றேன். தார்ப்பாயிலிருந்து, தலை திருப்பாமலே, வெண்ணிலாவின் குரல் வந்தது.

"பதினொண்ணை உட்டுட்டீங்க."

ராசாத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். நான் மறுபடி பதினொன்றிலிருந்து எண்ணினேன். பிள்ளை தண்ணீரைப் பார்க்க மட்டும் திரும்பவில்லை. மண் லாரி வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குள் அவள் திரும்புவாளா? எனக்கு நம்பிக்கை இல்லை. இல்லாத நம்பிக்கையை உன்னிடம் இருப்பதாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு சொல் தருகிறேன். குளத்தை மூடுகிற நாள்வரை ஒரு ஞாயிறும் தவறாமல் இறங்குவேன். மூடிய பிறகும், அவள் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்கு அந்தக் குட்டை ஓரம் நான் நிற்பேன். அவள் திரும்பித் தண்ணீரைப் பார்க்கிற நாள் வரும்போது, பக்கத்தில் நின்று எண்ண ஒரு ஆள் இருக்கும். இனி நான் யாருக்கும் முதுகு காட்டி உட்கார மாட்டேன், டீச்சர்.

இன்னொன்று. நீ போய் இந்த ஆடியில் எட்டு மாதம் முடிந்தது, நீ எனக்கு மூத்திருந்த அதே எட்டு மாதம். நீ நின்ற வயதை நான் தாண்டிவிட்டேன். நீ பிடிவாதமாகக் கூப்பிட்டது கடைசியில் பலித்துவிட்டது.

இனி உண்மையாகவே உனக்கு மூத்தவளாகிவிட்ட,
உன் நசீமாக்கா