ஆணியில் தொங்கிய கம்பி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் வழக்கம்போல் முரண்டு பிடிக்கிறது. நீ சுகமா என்று கேட்டு எழுதக் கை வரவில்லை. நேற்று போனில் உன் குரலைக் கேட்ட பிறகு அம்மா அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நீ சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். நீங்கள் வடிவமைக்கும் அணு உலையில் எரிபொருளே உருகிய உப்போடு கலந்து ஓடுகிறது, அடிக்குழாயை ஓர் உறைந்த உப்புக் கட்டி அடைத்து நிற்கிறது, கரண்ட் போனால் அதைக் குளிர்விக்கும் விசிறி நின்று, கட்டி உருகி, உப்பு முழுவதும் கீழ்த்தொட்டிக்குப் பத்திரமாக இறங்கிவிடும். எட்டு நிமிடத்தில் உருகும் என்று உன் கணினிக் கணக்கு சொன்னது, நீயும் கையெழுத்துப் போட்டாய். குழாயின் தடித்த சுவர் வழியே போகும் சூட்டைச் சேர்க்க மறந்தது இப்போதுதான் தெரிகிறது, சேர்த்தால் பத்தொன்பது நிமிடம், உலைப் பாத்திரம் தாங்குவதோ பதினான்கு. வியாழக்கிழமை பாதுகாப்புக் குழு கூடுகிறது. உன் மேலதிகாரி, “இப்ப வாயத் திறக்காத, உலையே இன்னும் கட்டல, அடுத்த அறிக்கையில சத்தமில்லாம திருத்திக்கலாம்” என்கிறார். “சொன்னா வேலை போயிடும்ப்பா” என்று நீ அழுதாய். நான் “சாப்பிட்டுட்டுப் படும்மா” என்று வைத்துவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான் காரணம்.

பட்டறையில் உருகிய உப்புத் தொட்டியில்தான் நான் இரும்புக் கருவிகளைப் பதப்படுத்தினேன். சனிக்கிழமை சூட்டை நிறுத்தியதும், உப்பு உறைவதற்குள் நடுவில் ஒரு கம்பியைச் செருக வேண்டும். கம்பி உப்போடு உறைந்து அப்படியே நிற்கும், திங்களன்று அடியில் உருகும் உப்பு கம்பியைச் சுற்றி இளகும் வழியே மூச்சு விடும். கம்பி இல்லையென்றால் வெடிக்கும். ஒரு சனிக்கிழமை உன் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஓடி வரும் அவசரத்தில் நான் கம்பியை மறந்தேன். திங்கள் காலை சூடேற்றும் கருவி டைமரில் தானாக ஓட, என்னோடு வேலை பார்த்த விசில் மாமா பக்கத்தில் போன நேரம் தொட்டி வெடித்தது. அவர் கை வெந்தது. எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் மறக்கவில்லை என்று காட்ட, ஆணியில் தொங்கிய கம்பியை எடுத்துத் தொட்டிக்குள் போட்டேன். விபத்துக்குக் காரணம் டைமர் கோளாறு என்று எழுதினார்கள், நானும் தலையாட்டினேன். இரண்டு விரல் வைத்து விசில் அடித்தே உன்னைச் சிரிக்க வைத்த மனிதர், அதன் பிறகு அடிக்கவே இல்லை. அம்மாவுக்கும் இது இன்றுவரை தெரியாது. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வாங்கிப் படிக்கிறாள்.

இன்று காலை மாமா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, “என்னைத் தூக்கிட்டுப் போகும்போதே ஆணியில கம்பி தொங்குனதப் பார்த்துட்டேன்ப்பா. நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். இருபத்திரண்டு வருஷம் எடுத்துக்கிட்டியே” என்றார்.

என்னைத் திட்டுங்கள் என்றேன், திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

வேலை போனால் போகட்டும், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கணக்கை நம்பி அந்த உலைக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும். வியாழன் காலை வெறும் வயிற்றோடு போகாதே. பத்தொன்பது என்பதைச் சத்தமாகச் சொல்.

உன் அப்பா