சோறு இறங்க ஒரு டம்ளர்

நவம்பர் 6, 2024

மழை விடவில்லை. ஸ்டோரில் நாள் முழுக்கக் குனிந்து ஏலக்காய் பிரித்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

அப்பாவைக் குடி மறக்கும் மையத்தில் சேர்த்து ஒரு வாரம் ஆகிறது. இனி ஒரு தடவை தொட்டாலும் ஈரல் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இன்று அங்கிருக்கும் கவுன்சிலர் சிஸ்டர் போனில் கேட்டார்: "எப்போ தொடங்கினார்? எதனால்?" நான் யோசிக்கவே இல்லை. தம்பி ஜிபின் காய்ச்சலில் போனதிலிருந்து என்றேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொல்வது அதுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா வீட்டில் சத்தமில்லை. நிம்மதி என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நிம்மதிதான்.

நவம்பர் 10, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் அம்மாவுடன் மையத்துக்குப் போனேன். அப்பா ஷேவ் செய்து, யாரோ வேற்று ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன காரணத்தை சிஸ்டர் அவரிடம் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார்.

"புள்ள மேல பழியப் போடாதீங்க சிஸ்டர். அவன் போறதுக்கு முந்தியே நான் குடிகாரன்தான்."

பிறகு எதனால் என்று கேட்டதற்கு, தெரியலையே என்றார். பீடி இருக்கா என்று என்னிடம் கேட்டார்.

பஸ்ஸில் வரும்போது ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் அந்த ஒரு காரணத்தை வைத்துத்தானே இந்த மனுஷனைப் பொறுத்துக்கொண்டேன்? இப்போது அதுவும் இல்லை என்றால் நான் என்னத்தைப் பிடித்துக்கொள்வது?

நவம்பர் 11

அம்மாவிடம் கேட்டேன். சேர்க்கை சரியில்லை என்றாள். பக்கத்து வீட்டு அக்கா ஜெபம் போதாது என்றாள். என் வீட்டுக்காரர் பிஜுவைக் கேட்டால், "மலையில குளிருக்குக் குடிக்காதவன் யாரு?" என்கிறார். ஆளுக்கு ஒன்று. காரணத்துக்கா பஞ்சம்?

நவம்பர் 14

அப்பா பார்த்துவந்த மருந்தடி வேலையை சூப்பர்வைசர் பிஜுவுக்குக் கொடுத்துவிட்டார். ஓஸ் குழாயைப் பிடித்து ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. களை வெட்டுவதைவிடக் கூலி கூட, மதியமே விட்டுவிடுவார்கள். மாமனார் ஓஸ் மருமகனுக்கு என்று ஏலக்காட்டில் ஒரே கேலியாம். பிஜுவுக்கு உள்ளூரச் சந்தோஷம். எனக்கும்தான்.

நவம்பர் 19

பிஜு மூன்றாம் நாளாகச் சாப்பிடவில்லை. தலைவலி, குமட்டல். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தும் அந்த மருந்து மணம் போகவில்லை. தலையணை உறையிலும் அடிக்கிறது. கருவாட்டுக் குழம்பு வைத்தேன். தட்டைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்.

நவம்பர் 21

எழுத்து கோணலாக வருகிறது.

சாயங்காலம் பிஜு வாந்தி எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார். அம்மா தன் வீட்டிலிருந்து முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தால் அப்பா மிச்சம் வைத்த பிராந்தி. டம்ளரில் ஊற்றி, சூடு தண்ணீர் கலந்து நீட்டினாள்.

"கண்ண மூடிக்கிட்டுக் குடிங்க தம்பி. மருந்து முறிஞ்சிரும். சோறு இறங்கும்."

அவர் குடித்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

எவ்வளவு பிராந்திக்கு எவ்வளவு தண்ணீர் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

"அப்பாவுக்கும் நீதான் ஊத்துனியாம்மா?"

"பெறகு? வேற யாரு ஊத்துவா? கல்யாணமான புதுசுல மருந்தடிச்சிட்டு வந்தா அவருக்குப் பச்சத்தண்ணி இறங்காது. கங்காணி பொண்டாட்டிதான் சொன்னா, ஒரு டம்ளர் குடுத்தா முறிஞ்சிரும்னு. காட்டுல எல்லா வீட்டுலயும் ஊத்துனோம். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நாந்தான் வம்பு பண்ணி ஊத்துனேன். என் புருசன் சோறு திங்கணும்னுதான்டி ஊத்துனேன்!"

வேண்டாம்னு சொல்லியிருக்காரு. எங்கப்பா வேண்டாம்னு சொல்லியிருக்காரு. அந்த மனுஷனைப் பார்த்து நான் எத்தனை தடவை செத்துத் தொலைன்னு சொல்லியிருக்கேன் — அய்யோ.

அம்மா அழுதுகொண்டே டம்ளரைக் கழுவினாள்.

நவம்பர் 22

சிஸ்டருக்குப் போன் செய்தேன். தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் இதைத்தான் சொல்கிறார்களாம். சாராயம் விஷத்தை முறிக்காது, ஈரலுக்கு இரட்டைச் சுமைதான் என்றார்.

பிஜுவிடம் சொன்னேன், வேலையை விட்டுவிடச் சொல்லி. "ஒரு டம்ளர்தான? நான் என்ன உங்கப்பாவா?" என்று கத்தினார். அம்மா ஊற்ற மறுத்துவிட்டாள். அவரே வாங்கி வந்து குடித்தார்.

டிசம்பர் 1, ஞாயிறு

மையத்திலிருந்து அப்பா வந்துவிட்டார். சோறு போட்டேன். உள்ளே வந்ததும் அவர் மூக்கு விடைத்தது, மருந்து மணம். கொடியில் பிஜுவின் வேலைச் சட்டை கிடந்தது. கொஞ்ச நேரத்தில் பிஜுவும் தள்ளாடி வந்து சேர்ந்தார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டார்.

டிசம்பர் 2

காலையில் பிஜு எழுவதற்குள் அப்பா சூப்பர்வைசர் வீட்டுக்குப் போய், உடம்பு நல்லா இருக்கு என்று சொல்லி ஓஸைத் திரும்ப வாங்கிவிட்டார். நான் ஓடிப்போய்ப் பாதையில் மறித்தேன். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா என்று கத்தினேன்.

"எனக்குத்தான் ஈரல் ஏற்கெனவே கெட்டுப்போச்சே ஷிஜி. அவனுக்கு எதுக்கு?"

என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 4

அப்பா குடிக்கவில்லை. வாந்திதான். அம்மா முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

டிசம்பர் 5

குடிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

டிசம்பர் 7

குடித்துவிட்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அப்பாவின் கண் மஞ்சளாக இருக்கிறது. அப்பா எதற்காக ஓஸைத் திரும்ப வாங்கினார் என்று நேற்று பிஜுவிடம் சொன்னேன். ஓஸ் போனதிலிருந்து பெண்களோடு களை வெட்டப் போகிறவர்தான், எப்போதும் வாய் ஓயாது. இன்று படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் 9

சிஸ்டர் உடனே கூட்டி வரச் சொன்னார். பிஜு ஜீப் கொண்டுவந்தார். அப்பா ஏற மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் போய்ட்டா ஓஸை யாரு புடிக்கிறது?"

"நான் புடிக்க மாட்டேன் மாமா. காலையிலயே சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டேன். வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

"குடி?"

பிஜு என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்கும் ஒங்க கூடவே வாரேன் மாமா. எனக்கும் சீட்டு எழுதச் சொல்லணும்" என்றார்.

அப்பா கம்பியை விட்டார். அப்புறம் ஜீப்பில் ஏறி, பக்கத்தில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.