ஜின் தெருவுக்கு மூணு நிமிஷம்

ஜனவரி 14, செவ்வாய்

என் வீட்டுக்காரி வீனிக்கு எடை பாத்தாச்சு. முந்தா நாளுக்கு இன்னைக்கு கொஞ்சம் கூட. தண்ணி குடிச்சியாடின்னா இல்லவே இல்லைங்குறா. கண்ணு மட்டும் குழாய்ப் பக்கம் போகுது.

இந்த நோட்டு டயாலிசிஸ் நர்சம்மா குடுத்தது. அவ எடை, அவ குடிச்ச தண்ணி, இத மட்டும் எழுதுங்க மிஸ்டர் பைனம்னாங்க. எனக்கு ஒண்ண மட்டும் எழுத எங்க வரும்? நான் பள்ளிக்கூடம் போனதே பருத்தி எடுப்பு இல்லாத மாசத்துலதான். மிச்ச எழுத்தெல்லாம் பைபிள பாத்து எழுதிப் பழகுனது. அதனால பிழை இருந்தா ஆண்டவர் பொறுத்துக்குவாரு, நர்சம்மா பொறுக்கணும்.

ராவெல்லாம் மழை. ஜின் தெருவுல மறுபடி முழங்கால் தண்ணி. ஜின்னுங்குற பருத்தி அரவை ஆலை இங்க இருந்த காலத்துல தண்ணி போக ஒரு ஓடை இருந்துச்சு. ஆலைய இடிச்ச மண்ணத் தள்ளி அத மூடிட்டாங்க. அன்னைலேர்ந்து வானத்துத் தண்ணி எல்லாம் எங்க வாசல்லதான் குடித்தனம்.

டயாலிசிஸ் வேன் ஓட்டுற ராடெல், ஜெருஷாவோட சலூன் மேட்டுலயே நிறுத்திட்டான். "ஓசேயா அண்ணே, தண்ணிக்குள்ள வண்டி நின்னுச்சுன்னா என் வேலை போயிரும்ணே." அவனச் சொல்லி என்ன. நானும் ஜெருஷாவும் வீனிய சக்கர நாற்காலியோட தூக்கிட்டுப் போனோம். ஜெருஷா ஊருக்கெல்லாம் முடி அலங்காரம் பண்ற பொம்பள. கை என் கையவிட பலம். வாய் அதவிட.

போன வருஷம் மார்ச் மாசம் தண்ணிக்குள்ள போக முடியாம ஒரு தவணை டயாலிசிஸ் தவறிப் போச்சு. வீனிக்கு நுரையீரல்ல நீர் கோத்து, மூச்சு விட முடியாம, ஐசியூவுல போட்டாங்க. டாக்டர் என்னத் தனியா கூப்பிட்டு, இன்னொரு தவணை தவறுனா நான் பொறுப்பில்லைன்னாரு.

அப்ப யாரு பொறுப்பு?

ஜனவரி 16

தண்ணி வடியல. மறுபடி தூக்குனோம்.

ஜனவரி 27

ஜெருஷா ஒரு விஷயம் கொண்டாந்தா. வருஷா வருஷம் வாஷிங்டன்லேர்ந்து நம்ம டார்ப்ளி ஊருக்கு ஒரு பணம் வருதாம். ஏழைபாழைங்க இருக்குற தெருவ சரி பண்ணத்தான் அந்தப் பணமே. எதுக்குச் செலவு பண்ணணும்னு நகரசபை சனங்களக் கூப்பிட்டுக் கேக்கணுமாம். சட்டமே அப்படி. இத்தன வருஷமா கேட்டுருக்காங்க, நமக்குத்தான் தெரியல.

எப்பக் கேப்பாங்கன்னேன். வேலை நாள் காலைல பத்து மணிக்காம். யாரு வரக்கூடாதுன்னு நெனச்சு அந்த நேரத்த வச்சாங்களோ.

வீனி சொன்னா, "யோவ், நீ போய்ப் பேசு. வடிகால் வேணும்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. கேக்குதா?"

கேக்குது.

பிப்ரவரி 6, வியாழன்

இத எழுதவே கூச்சமா இருக்கு.

வீனிய டயாலிசிஸ்ல விட்டுட்டு நகரசபைக்குப் போனேன். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு. முன்னால மேடையில கவுன்சில் ஆளுங்க, நடுவுல தலைவர் ஸ்டாலிங்ஸ். பேசுறவங்களுக்கு ஒரு மைக், மைக் பக்கத்துல ஒரு விளக்கு. ஆளுக்கு மூணு நிமிஷம். பச்சை எரிஞ்சா பேசலாம், சிவப்பு எரிஞ்சா வாய மூடணும்.

எனக்கு முன்னால கடைத்தெரு சங்கத்துக்காரர் பேசுனாரு. மெயின் ரோடு நடைபாதைக்கு செங்கல் பதிக்கணுமாம், பூந்தொட்டி வைக்கணுமாம். பச்சை அணையறதுக்குள்ள உக்காந்துட்டாரு.

அப்புறம் நான். மார்ச் மாசம் நடந்தத சொல்லணும். அத சொல்லணும்னா அன்னைக்கு என் கால்ல ரப்பர் பூட்ஸ் ஏன் இருந்துச்சுன்னு சொல்லணும்ல? சொன்னேன். அது என் மச்சான் டூவிட் குடுத்தது. அவனுக்கு அது கெளுத்தி மீன் பண்ணைல குடுத்தது. அந்தப் பண்ணை முதலாளி இருந்தாரே, கைல எப்பவும் வேகவச்ச கடலையோட திரிவாரு... அந்தக் கடலை வாசனைக்குத்தான் ஜெருஷாவோட நாய் கர்னல் அந்த பூட்ஸ விடாம...

சிவப்பு.

"நன்றி மிஸ்டர் பைனம். அடுத்தவர்?"

"ஐயா, நான் இன்னும் தண்ணிக்கே வரலியே."

ஸ்டாலிங்ஸ் பக்கத்து ஆளப் பாத்து சொன்னாரு, "தண்ணி வேணும்னா வெளில குழாய் இருக்கு." சபையே சிரிச்சுது. நான் தொப்பிய எடுத்துட்டு வந்துட்டேன்.

பிப்ரவரி 7

வீனி: "வடிகால்ங்குற வார்த்தைய சொன்னியா?"

நான் கோட்ட எடுத்து ஆணில மாட்டுனேன்.

"நீ என்னப் பொண்ணு கேக்க வந்தப்பவும் எங்கப்பாகிட்ட கோவேறு கழுதை கதைய ஆரம்பிச்ச. கேட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கு வயசே போயிருக்கும். நானே எந்திரிச்சு, சரி கட்டிக்கிறேன்னு சொன்னதால ஆச்சு."

அது நெசந்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

அடுத்த வருஷச் செலவுக்கு நகரசபை வரைவு திட்டம் போட்டு வெளிய வச்சுருக்கு. நானும் ஜெருஷாவும் வளர்ச்சி ஆபீஸ் போனோம். அங்க மிஸ் கெய்தர்னு ஒரு அம்மா. மரியாதையான மனுஷி, கண்ணுல தூக்கமில்ல. பக்கத்த விரிச்சுக் காமிச்சாங்க. பெரிய தொகை மெயின் ரோடு செங்கலுக்கும் பூந்தொட்டிக்கும். ஜின் தெருவுக்கு ஒண்ணுமே இல்ல.

ஜெருஷா கேட்டா, "ஏழைங்களுக்குன்னு வந்த பணம்தானம்மா? மெயின் ரோட்டுல எந்த ஏழை இருக்கான்? பேங்க்கா?"

மிஸ் கெய்தர் மெதுவா சொன்னாங்க. சுத்து வட்டாரத்துல பாதிக்கு மேல வருமானம் குறைஞ்ச சனங்க இருந்தா அந்த எடத்துல செலவு பண்ணலாமாம். மெயின் ரோட்டுக்கு வட்டம் போடறப்ப கோட்ட இழுத்து ஜின் தெருவையும் உள்ள சேத்துக்குறாங்களாம். நாங்க உள்ள இருக்குறதாலதான் கணக்கு தேறுதாம்.

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. எங்க வறுமையக் காட்டி அவங்க பூந்தொட்டி வாங்குறாங்க! ஏழைன்னு எண்ணறப்ப நாங்க மெயின் ரோடு. தண்ணி நிக்கிறப்ப மட்டும் நாங்க ஜின் தெரு.

"நான் பிப்ரவரில வந்து பேசுனேனேம்மா?"

அந்தம்மா தேடிப் பாத்தாங்க. அன்னைக்கு யாரு என்ன சொன்னாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி இருக்கு. என் பேருக்கு நேரா: ஒருவர் ரப்பர் பூட்ஸ் பற்றிப் பேசினார்.

ஜெருஷா சிரிச்சா. அப்புறம் என் மூஞ்சியப் பாத்து நிறுத்திட்டா.

இன்னொரு கூட்டம் இருக்கு, அதுக்கப்புறம்தான் ஓட்டுன்னாங்க மிஸ் கெய்தர். வியாழக்கிழமை, காலைல. ஜெருஷா மேஜைல ரெண்டு கையயும் ஊனுனா. "வியாழக்கிழமை எங்க வீனி அக்கா மெஷின்ல கெடக்கும். நாங்கள்லாம் வேலைல கெடப்போம். சாயங்காலம் வைங்க. இல்லைன்னா என் சலூனுக்கு வர்ற அத்தன தலையையும் உங்க வாசல்ல வந்து பின்னுவேன்."

அந்தம்மா சிரிக்கல. "எழுதிக் குடுங்க. நான் மேல போராடுறேன்"னாங்க.

ஏப்ரல் 20

ஈஸ்டர். கோயில் வாசல்ல ஸ்டாலிங்ஸோட ஆளு ஒருத்தன் வந்து நைசா பேசுறான். அந்தப் பக்கம் புதுசா அடுக்குமாடி கட்டிருக்காங்க, வயசானவங்களுக்கு, லிஃப்ட் எல்லாம் இருக்கு, நீங்க ரெண்டு பேரும் அங்க போயிருங்களேன்.

வீனி சக்கர நாற்காலிலேர்ந்து அவன அண்ணாந்து பாத்தா. "தம்பி, தண்ணிதான் என் வீட்டுக்குள்ள வந்துருக்கு. நான் தண்ணி வீட்டுக்குள்ள போகல. யாரு காலி பண்ணணும்?"

அவன் போயிட்டான். எனக்கு அவள மறுபடி கட்டிக்கணும் போல இருந்துச்சு.

ஏப்ரல் 29

கூட்டம் திங்கக்கிழமை சாயங்காலத்துக்கு மாத்திட்டாங்க! மிஸ் கெய்தர் போன் பண்ணாங்க. ஜெருஷா தெருவுல கத்திக்கிட்டே ஓடுனா, கர்னல் பின்னாலயே ஓடுச்சு.

மே 12, திங்கள்

ரா ரொம்ப நேரம் ஆச்சு. இருந்தாலும் இன்னைக்கே எழுதிரணும்.

எங்க யோசனை இதுதான். எல்லாரும் வந்து பேரு குடுக்குறது, அவங்கவங்க மூணு நிமிஷத்த எனக்கு விட்டுக் குடுக்குறது. அப்ப நான் நிதானமா தண்ணிக்கு வந்துரலாம். ஜெருஷா, கோயில் மூப்பர் எல்ரட், ராடெல்கூட வந்துருந்தான், வேன் சட்டையோட. தெருவே வந்துருச்சு.

ஸ்டாலிங்ஸ் உக்காந்ததும் மொத வார்த்தை: "இன்றிலிருந்து யாரும் தங்கள் நேரத்தை மற்றவருக்குக் கொடுக்க முடியாது. ஒருவருக்கு மூன்று நிமிடம். அவ்வளவுதான்." என்னப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

அப்படியே உக்காந்துட்டேன். மொதப் பேரு என்னோடதுதான். எந்திரிச்சேன். வடிகால்னு சொல்லிட்டு உக்காந்துரணும்னுதான் போனேன். சத்தியமா. ஆனா அந்த வரி ஞாபகம் வந்துச்சு. பூட்ஸ் பற்றிப் பேசினார். ஏன், பூட்ஸ் பத்திப் பேசுனா என்ன? என் கதை, நான் எங்க ஆரம்பிக்கணுமோ அங்கதான் ஆரம்பிப்பேன்.

ஆரம்பிச்சேன். டூவிட், பண்ணை, முதலாளி, கடலை, கர்னல். கர்னல் வந்து இடது பூட்ஸ...

சிவப்பு.

"நன்றி. அடுத்தவர்?"

அடுத்தது எல்ரட். எங்க கோயில்ல பாட்டுப் புஸ்தகம் கிடையாது. வாங்க வக்கில்லாத காலத்துப் பழக்கம், இன்னும் விடல. எல்ரட் ஒரு அடி எடுத்துக் குடுப்பாரு, சபை அதப் பிடிச்சு இழுத்துப் பாடும். அந்த மனுஷன் மைக் முன்னால போய் தொண்டையச் செருமிட்டு, பாட்டுக்கு அடி எடுக்குற அதே குரல்ல சொன்னாரு:

"இடது பூட்ஸ குதிகால்கிட்ட கடிச்சு ஓட்டை போட்டுருச்சு..."

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. நான் விட்ட எடம்! அங்கேர்ந்து அவரு கொண்டு போனாரு. அந்த ஓட்டைய நான் சைக்கிள் ட்யூப் வச்சு ஒட்டுனது, மார்ச் மழை, வேன் மேட்டுல நின்னது. சிவப்பு எரிஞ்சதும் பாதி வார்த்தைல நிறுத்திட்டு உக்காந்துட்டாரு. அடுத்து ராடெல், அந்தப் பாதி வார்த்தைலேர்ந்து. "நான் ஆரன் அடிச்சேன்யா. ஓசேயா அண்ணன் அக்காவ முதுகுல உப்பு மூட்டை தூக்கிட்டு எறங்குனாரு..."

எத்தனை வருஷமா வாசல்ல உக்காந்து இதயெல்லாம் சொல்லிருக்கேன். எவனும் காது குடுக்கலைன்னுல்ல நெனச்சேன். ஒருத்தன் செல்போனப் பாப்பான், ஒருத்தி கீரை ஆய்வா. அத்தன பேருக்கும் மனப்பாடம்.

ஸ்டாலிங்ஸ் சுத்தியல தட்டுனாரு. "விஷயத்துக்கு வாருங்கள்!"

"இதான் விஷயம்"னா ஜெருஷா. அவ முறை வந்துருச்சு. "ஒட்டுப் போட்ட எடம் பிஞ்சு பூட்ஸ்ல தண்ணி ஏறிருச்சு. கால் கல்லாட்டம் கனக்குது. என் வாசலுக்கு நேரா வர்றப்ப அண்ணன் சறுக்குனாரு. ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள. நான் ஓடி வந்து பாக்குறேன், வீனி அக்கா தலை தெரியல. தலையே தெரி..."

சிவப்பு.

அப்பத்தான் மேடைலேர்ந்து ஸ்டாலிங்ஸே கேட்டாரு, தன்ன மறந்து:

"அப்புறம் என்ன ஆச்சு?"

வீனி நாற்காலிய தானே உருட்டிட்டுப் போனா. மைக்க எறக்கி விட்டாங்க.

"அப்புறம் நான் இங்க வந்துருக்கேன்"னா. "என் ஆம்பள முடியப் பிடிச்சு என்னத் தூக்குனான். அன்னைக்கு டயாலிசிஸ் போச்சு, நான் சாகப் பாத்தேன், சாகல. உங்க வட்டத்துக்குள்ள ஏழைன்னு எண்ணுனீங்களே, அதுல ஒருத்தி நான். என்ன எண்ணித்தான் அந்தப் பணம் வந்துச்சு. எனக்குப் பூந்தொட்டி வேணாம். வடிகால் வேணும். எனக்கு இன்னும் நேரம் இருக்கு, பாருங்க பச்சை எரியுது. அதையும் நானே வச்சுக்குறேன்."

சொல்லிட்டு வாய மூடிட்டு அங்கயே உக்காந்துருந்தா. சிவப்பு எரியுற வரைக்கும் அவள மட்டும் பாத்துக்கிட்டு இருந்தாங்க அத்தன பேரும்.

மே 13

எடை சரியா இருக்கு. என்கிட்ட சொல்றா: "ஒரே வார்த்தைன்னு சொன்னேன்ல? பாரு, எப்படி சொல்லணும்னு." அவளும் பூட்ஸ் கதை இல்லாமலா அங்க போய்ச் சேந்தா? கேக்கல.

ஜூன் 9, திங்கள்

ஓட்டு நாள். இன்னைக்கு சனங்க பேசக் கூடாது, கேக்க மட்டும்தான். ஸ்டாலிங்ஸ் படிக்கிறாரு: ஜின் தெருவில் பாதி தூரத்துக்கு வடிகால், மீதி பின்னொரு காலத்தில். பாதின்னா சலூன் வரைக்கும். அங்கதான் ஏற்கனவே மேடு! எங்க வீடு கடைசில.

என்ன பண்றதுன்னு தெரியாம எந்திரிச்சுட்டேன். பின்னால எல்ரட் எந்திரிக்கிறாரு. ஜெருஷா. ராடெல். தெருவே நிக்குது.

"மிஸ்டர் பைனம், இன்று பேச அனுமதி இல்லை."

"தெரியும்யா. அந்த பூட்ஸ் இருக்குல்ல..."

"அந்த பூட்ஸ் இருக்குல்ல..." தெரு மொத்தமும், கோயில்ல இழுக்குற மாதிரி, இழுத்து.

ஸ்டாலிங்ஸ் நெத்திய பிடிச்சுக்கிட்டாரு. "மறுபடி முதலேர்ந்தா?" மிஸ் கெய்தர் குனிஞ்சு அவரு காதுல ஏதோ சொன்னாங்க. செங்கல பேங்க் முக்கோட நிறுத்துனா முழுத் தெருவுக்கும் பணம் கட்டிவருமாம், முன்னாடியே போட்டுப் பாத்து கைல வச்சுருந்தாங்க. ஓட்டு எடுத்தாங்க. எதுத்து ரெண்டு பேரு. மத்தவங்க சரின்னுட்டாங்க.

கடைத்தெரு சங்கத்துக்காரர் என்கிட்ட கைகூட குடுக்கல. வேணாம்.

அக்டோபர் 21

பணம் வந்துருச்சாம், வேலை வரல. மழை. தூக்குனோம். வாரா வாரம் ஜெருஷா வளர்ச்சி ஆபீசுக்குப் போன் போடுறா. எடுத்த உடனே சொல்றது ஒரே வார்த்தையாம்: "பூட்ஸ்."

அடுத்த வருஷம், ஆகஸ்ட் 17

மண்ணு வெட்டுற வண்டி வந்துருக்கு. எங்க வாசல்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்னு வீனி குறுக்க நாற்காலியப் போட்டா. ஆரம்பிச்சாங்க.

டிசம்பர் 1, செவ்வாய்

ராவெல்லாம் நல்ல மழை. எடை சரி. தண்ணி குடிக்கலைங்குறா, பொய்.

காலைல ஆரன் சத்தம் கிட்டத்துல கேட்டுச்சு. ராடெல் எங்க படிக்கட்டுல டயர் இடிக்கிற மாதிரி கொண்டாந்து நிறுத்திருக்கான். வீனி தலைக்கு ஸ்கார்ஃப் கட்டி, பௌடர் போட்டு, ராணியாட்டம் ஏறுனா. செருப்புகூட நனையல.

வேன் போனப்புறம் வாசல்ல நின்னேன். கர்னல் என் வலது பூட்ஸ இழுத்துட்டு வந்து குதிகால்கிட்ட கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வெரட்டல.