மருதாணி வைத்த முப்பது பேர்

2024 பிப்ரவரி 13

சாத்தூர் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் முப்பது பெண்களிடம் ரத்தம் எடுத்து முடித்தாயிற்று. மேனேஜர் சீனிச்சாமி கடைசி வரை கூடவே நின்றார். ஆய்வு முடிவின் நகல் கம்பெனிக்கும் தர வேண்டும் என்ற நிபந்தனையில்தான் உள்ளே விட்டிருக்கிறார். என் பி.எச்டி. வழிகாட்டி ராஜபாண்டியன் சார் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கடைசியாக வந்தவர் இருளம்மாள். பதினாறு வருடமாக வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. ஊசிக்கு அசையவில்லை. கேள்வி கேட்டே என்னைக் குடைந்தெடுத்துவிட்டார்.

"இதுல என்ன தாயி பாப்பீக?"

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நாற்பத்தாறு குரோமோசோம் இருக்கும், மருந்துத் தூசு அதை உடைக்கிறதா என்று எண்ணப் போகிறேன் என்றேன். உடைந்தால் பின்னால் நோய் வரும் வாய்ப்பு கூடும் என்றும் சொன்னேன்.

"எம்மகளுக்கும் வந்திருக்குமா?"

"இது உங்க உடம்புச் செல்லுல ஆகுறது அக்கா. பிள்ளைக்குப் போகாது. அவளே மருந்தைத் தொட்டாத்தான்."

"பொன்மணிக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. போர்மேன் வேலைக்குக் கூட்டியாரச் சொல்லுதாரு. நீங்க சொல்றதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்."

ஆளாளுக்குத் தனி முடிவு சொல்லக் கூடாது என்பது விதி. மொத்தத்தில் என்ன வந்தது என்று நேரில் வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி 25

ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே தொடாத முப்பது பெண்கள் வேண்டும். தாயில்பட்டி தாண்டி ஒரு கிராமத்தில் கிடைத்தார்கள். அதே வயது, அதே தண்ணீர், அதே சாப்பாடு. எழில் என்ற அக்காதான் வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தார். பட்டாசு வேலை செய்ததுண்டா என்ற கேள்விக்கு முப்பது பேரும் 'இல்லை'.

எல்லார் விரலிலும் மருதாணி, கருஞ்சிவப்பாக. ஊரில் ஏதோ விசேஷம் போல. நான் ஆசையாகப் பார்த்ததைக் கண்டு எழிலக்கா எனக்கும் ஒரு கிண்ணம் அரைத்துக் கொடுத்தார்.

மார்ச் 19

ரமலான் எட்டாம் நோன்பு. மைக்ராஸ்கோப்பில் கண் எரிகிறது. ஆளுக்கு நூறு செல். ஸ்லைடில் எண் மட்டும்தான், யாருடையது என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 30

47-ஆம் எண். ஒரே செல்லில் நான்கு உடைவு. உடைந்த இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று தப்பாக ஒட்டிக் கிடக்கின்றன. இதை உடம்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி எங்கோ சோறு பொங்கிக்கொண்டிருக்கிறாள். இருளம்மாளாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

ஜூன் 18

எண்களைப் பிரித்துப் பார்த்தோம். கம்பெனிப் பெண்களுக்கு நூறு செல்லுக்குச் சராசரி ஆறு உடைவு. மருந்தே தொடாதவர்களுக்கு ஆறரை.

47, எழிலக்கா.

ஜூன் 19

லேபிள் மாறியிருக்கும் என்று அறுபதையும் சரிபார்த்தேன். மாறவில்லை. அப்படியானால் என்ன?

ஜூன் 23

சொல்லாமல் போனேன். எழிலக்கா கதவைத் திறக்க வெகுநேரமாயிற்று. உள்ளே கொடியில் ஒரு போர்வை. அதன் பின்னால் வரிசை வரிசையாகக் கருந்திரி காய்ந்துகொண்டிருந்தது. நூலில் கருமருந்தைக் கையாலேயே பூசி இழுத்து வெடிக்குத் திரி செய்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் செய்தால் ஜெயில்.

அவர் விரலில் இன்று மருதாணி இல்லை. நகக்கண் வரை கறுப்பு.

போலீஸ் சோதனை வரும் என்று தெரிந்தால் ஊரே மருதாணி வைத்துக்கொள்ளுமாம், கறுப்பு தெரியாமலிருக்க. படிவத்தோடு ஒருத்தி வருகிறாள் என்றதும் எனக்காகவும் வைத்திருக்கிறார்கள். நான் அதை விசேஷம் என்று... முட்டாள். முட்டாள்.

"பொய்தான் சொன்னோம் தாயி. நீங்க எழுதுறது எங்கன போகும்னு எங்களுக்குத் தெரியுமா? போன வருசம் எம்புருசனை இதுக்குத்தான் புடிச்சுட்டுப் போனாக. முப்பதுல இருபத்தாறு வீட்டுல இதுதான் பொழப்பு."

"இந்த வேலையை விட்ருங்கக்கா."

"விட்டுட்டு?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். "எழுதிராதீக" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஜூலை 2

சாரிடம் சொன்னேன். "அவங்களை நீக்கணும்னா காரணம் எழுதணும். ஊரு, பேரு, படிவம் எல்லாம் ஆய்வுக் கமிட்டி கேக்கும். எழுதுறியா?"

வேறு ஊரில் புதிதாக ரத்தம் எடுத்தால்? அதற்கும் இதே காரணத்தைத்தான் எழுத வேண்டுமாம்.

"அப்ப விட்ரு. வித்தியாசம் இல்லைங்கிறதும் ஒரு முடிவுதாம்மா."

ஜூலை 5

எழுதினால் எழிலக்கா ஊருக்குள் போலீஸ். எழுதாவிட்டால், மருந்தால் ஒரு கெடுதலும் இல்லை என்று நானே சொன்னதாகிவிடும்.

அத்தா தன் மண்டியில் மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கேட்டேன். "யாரையும் காட்டிக் கொடுக்காதம்மா" என்றார். எனக்கு வசதியான பதில். உதவித்தொகை அடுத்த மார்ச்சோடு முடிகிறது, மறுபடி தொடங்கினால் பட்டம் கைவிட்டுப் போகும் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்: நான் எழிலக்காவுக்காக மட்டும் வாயை மூடிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 11

"இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை." தட்டச்சு செய்துவிட்டேன். மனசு கேட்காமல் ஆய்வேட்டின் 112-ஆம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ஒப்பீட்டுக் குழுவினர் வீட்டில் ரசாயனத்தைக் கையாளவில்லை என்பது தனியாக உறுதிசெய்யப்படவில்லை. சார் அதைப் படித்தார். அடிக்காமல் விட்டுவிட்டார்.

2025 மே 20

வாய்மொழித் தேர்வு முடிந்தது. இனி டாக்டர் சித்திகா. அம்மா தெருவுக்கே நெய்ச்சோறு கொடுத்தார். இருளம்மாளிடம் இன்னும் போகவில்லை. சரியான வெயில்.

ஜூன் 30

இன்று வெயில் இல்லை. போகவில்லை.

ஆகஸ்ட் 23

போனேன். அந்த முடிவை நம்பாதீங்க அக்கா என்று சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் அதையே மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

கம்பெனி வாசல் கண்ணாடிப் பலகைக்குள் என் ஆய்வுச் சுருக்கம், தமிழில், பெரிய எழுத்தில். கீழே என் பெயர். 112-ஆம் பக்கத்து வரி இல்லை.

தீபாவளி சீசன். வேலை விட்டு இருளம்மாள் வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாசிச்சுக் காட்டுனாக தாயி. ஒண்ணும் இல்லைன்னு நீங்களே எழுதிட்டீகளே! அம்புட்டு நாளும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுல்ல இருந்தேன்."

"அக்கா, அதை நம்பாதீங்க."

"ஏன்?"

சீனிச்சாமி இரண்டடி தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த ஊரைச் சொல்ல வேண்டும், இருபத்தாறு வீட்டைச் சொல்ல வேண்டும். இருளம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்துவிட்டார்.

"சும்மா பயங்காட்டாதீக. ஏட்டி பொன்மணி, இங்கன வா. அந்த டாக்டரம்மா வந்திருக்காக."

மருந்து அறைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். சேர்ந்து இரண்டு மாதமாம். தலைமுடி, புருவம், இமை எல்லாம் அலுமினியப் பவுடர். "வணக்கம் மேடம்" என்றாள். கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, என்ன படித்தால் உங்களைப் போல ஆகலாம் என்று கேட்டாள்.

கம்பெனி வேன் வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள்.