நடிகன் அல்லாத என் வலது கைக்கு எக்ஸ்ரே கோரி

அனுப்புநர்
சந்தைத் தெருத் தையற்காரர்,
(தற்சமயம்) எலும்பு முறிவுப் பிரிவு வாசல் பெஞ்சு.

பெறுநர்
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: புதிய பயிற்சி மருத்துவர்கள் என்னை நடிகன் என முடிவுகட்டிச் சிகிச்சை மறுத்தது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இன்று காலை துணிக்கட்டை இறக்க ஸ்டூலில் ஏறிய நான், கட்டோடு சேர்ந்து விழுந்தேன். வலது மணிக்கட்டு வீங்கி, வலி உயிர் போகிறது. கத்தரிக்கோல் பிடிக்கும் கை அது. கோணலாக ஒட்டிக்கொண்டால் என் பிழைப்பு நாறிவிடும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. புதிதாகச் சேர்ந்த மருத்துவர்களுக்குப் பிரிவுத் தலைவர் அறிமுகப் பயிற்சி ஒன்று வகுத்திருக்கிறார். நாடகக்காரர்கள் நோயாளிகளோடு கலந்து உட்கார்ந்திருப்பார்களாம், கண்டுபிடிப்பவருக்கு மதிப்பெண்ணாம். நடிகருக்கு எக்ஸ்ரே எடுக்கக் கூடாதாம். திட்டம் அருமை. நடுவில் நான் போய் உட்கார்ந்ததுதான் வினை.

3. இளம் மருத்துவர்கள் சுற்றி நின்றபோது பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அதுவே சந்தேகமாகிவிட்டது. கண்ணாடி போட்ட பெண் மருத்துவர் என் தோளைத் தட்டி, "அண்ணே, வீக்கத்துக்கு மேக்கப் பிரமாதம். வலிதான் முகத்துல வரல" என்றார்.

4. பக்கத்தில் இருந்தவர்தான் அசல் நாடகக்காரர். அவர் போட்ட கூச்சலில் அவருக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு கத்துகிறாரே, எதற்கும் இருக்கட்டும் என்று மாவுக்கட்டே போட்டுவிட்டார்கள். தொழில் பக்தியில் மனிதர் தான் நடிகர் என்று காட்டிக்கொள்ளவே இல்லை. பிறகு பாவம் பார்த்து எனக்கும் கத்தக் கற்றுக்கொடுத்தார். கத்தினேன். மிகை நடிப்பு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

5. பிரிவுத் தலைவரிடமே முறையிட்டேன். வேஷம் கலையாமல் அவர் வரைக்கும் வந்த என் ஈடுபாட்டைப் பாராட்டிக் கைகுலுக்கினார். அந்தக் கையையே குலுக்கினார், அம்மா. அழுதுவிட்டேன். அதற்கும் கைதட்டினார்கள்.

பிள்ளைகள் தொழில் கற்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நடிகர்களைத் தனி அறையில் உட்காரவைத்து, எனக்கு இன்றே எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப் போட ஆணையிடும்படி மன்றாடுகிறேன்.

இடம்: மேற்படி பெஞ்சு
நாள்: திங்கட்கிழமை, மதியம்

தங்கள் வரவை எதிர்பார்த்து,
(இடது கைப் பெருவிரல் ரேகை)
தையற்காரர்

பி.கு.: அம்மா, இதை எழுதிக்கொடுத்த மனைவி நான். இவருக்கு நடிக்கவெல்லாம் வராதும்மா. எங்க அக்கா சமையல் நல்லா இருக்குன்னு ஒரே ஒரு பொய் சொல்லச் சொன்னேன். அதுவே வரல. இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்டோட பேச்சுவார்த்தை கிடையாது. கை நிஜமாவே உடைஞ்சிருக்கு. சீக்கிரம் வாங்கம்மா.