கதவுப் பக்கம் உனக்கு

என் தையல்காரிக்கு,

டிப்போவுல பஸ் எடுக்கக் கிளம்பிட்டேன். அவிச்ச முட்டையும் சோறும் மூடி வெச்சிருக்கேன். பாதியாவது சாப்பிட்டுட்டு சர்க்கரை மாத்திரையைப் போடு. பட்டினி கிடந்தா சர்க்கரை சீக்கிரம் இறங்கும்னு நீயா ஒரு கணக்குப் போட்டுக்கிட்டு, வெறும் வயித்துல மாத்திரையும் காப்பியும் உள்ளே தள்ளினா வயிறு சும்மா விடுமா? பழி மட்டும் மாத்திரை மேல. நேத்து இதைச் சொன்னதுக்குத்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே. ஆஸ்பத்திரி நர்ஸம்மாவும் அதையேதான் சொன்னாங்க: "சாப்பாட்டோட சேர்த்துப் போடுங்க, எண்ணெய்ப் பண்டம் கொஞ்ச நாள் வேணாம், மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க."

குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிபண்ண தச்சர் வருவார். அவர் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கோ.

சிப்ஸ் டப்பாவை ஒளிச்சு வெச்சிருக்கேன். தேடாதே.

இன்னொண்ணு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அடிக்கடி எழுந்து போறது எனக்குத் தெரியக் கூடாதுன்னு நீ ஹால் சோபாவுக்குப் போனியே, அன்னியிலேருந்து எனக்குச் சரியான தூக்கமில்ல. உன் குறட்டை இல்லாம, யாரோ வீட்டுல படுத்திருக்கிற மாதிரி இருக்கு. எத்தனை தடவை எழுந்தாலும் பரவாயில்ல. உன் தலையணையைக் கட்டிலுக்கே கொண்டுவந்துட்டேன். இனிமே சுவத்துப் பக்கம் நான் படுத்துக்கறேன். கதவுப் பக்கம் உனக்கு.