கிழித்துப் போட்ட வசனம்

ரோசிலி அப்பா,

பூசை முடிந்து வந்ததும் கஞ்சியைக் குடியுங்கள். துவையல் மூடி வைத்திருக்கிறேன். கோயிலுக்குள் வந்து கூப்பிட்டால் எல்லார் முன்னாலும் சண்டையாகும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

நேற்றுப் போன உங்கள் தம்பி இன்னாசியின் வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை. அவன் வலை விடும் இடம் உங்களுக்குத்தான் தெரியும். தேடப் போகிறவர்கள் உங்களுக்காகக் காத்து நிற்கிறார்கள். காற்று வேறு ஏறுகிறது.

தினமும் அன்றைய காலண்டர் வசனத்தை வைத்துப் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் பேசி அனுப்பும் தியானத்தைக் காலையில் கேட்டேன். இன்று பேசியது நாளைய வசனம். இன்றைய காலண்டர் தாள் குப்பையில் கிடந்தது. சகோதரனோடு பகை இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறது. அதைத்தானே கிழித்தீர்கள்?

இன்னாசி பெண்டாட்டி ஜெசிந்தா, "மூத்தவுக வருவாகளா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "வருவாக" என்று சொல்லிவிட்டேன். அவளோடு கடற்கரையில் இருப்பேன்.

டீசல் கேன் கதவோரம் இருக்கிறது. கஞ்சி ஆறினாலும் பரவாயில்லை, முதலில் வாருங்கள்.

செபஸ்தி

கேன் பக்கத்துப் பையில், நனைந்தால் மாற்றிக் கட்ட இரண்டு சாரம் வைத்திருக்கிறேன். நீலம் இன்னாசிக்கு. அதை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொண்டுவராதீர்கள்.